லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் காலை பதினொரு மணிக்கே டேட்டா தீர்ந்துவிடுகிறது

90 அடி சாலைவாசி:
அனைவருக்கும் வணக்கம். தாராவியில் 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னோர் அறை. அதை மாளா என்போம். அதன் சுவர், கூரை எல்லாமே தகரம். மழை தொடங்கியதிலிருந்து கேபிள் இணையம் வாரத்தில் பாதி நாள் இருப்பதில்லை என்பதால், வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதும் என் மனைவிக்கு என் ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கிறேன். நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம். போனை மட்டும் பயன்படுத்தினால் இரவு வரை மீதி இருக்கும். லேப்டாப்பை இணைத்த நாளில் பதினொரு மணிக்கே தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது. அவர் திறந்து வைப்பதோ அலுவலக மின்னஞ்சலும் ஓர் எக்செல் தாளும்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. போனைக் கீழே ஜன்னலோரம் வைத்தால் மாளாவில் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. மேலே கொண்டுபோனால் லேப்டாப்பில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. போன் மட்டும் தோசைக்கல்லாகச் சுடுகிறது. போனையே மாற்ற வேண்டுமா?

செம்பூர் மெக்கானிக்:
போனை மாற்ற வேண்டாம், ஐயா. லேப்டாப் பழுதுபார்ப்பது என் தொழில். மழைக்காலத்தில் இந்தப் புகாரோடு வருபவர்கள் பலர். உங்கள் லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் என்பதும் வீட்டு வைஃபை என்பதும் ஒன்றுதான். அளவில்லாத இணையம் கிடைத்துவிட்டதாக எண்ணி, விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கும், ஒன்டிரைவ் உங்கள் கோப்புகளை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கும். எக்செல் தாள் பாவம், அதன் மேல் பழி போட வேண்டாம்.

லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இது அளந்து கொடுக்கப்படும் இணையம் என்று விண்டோஸுக்கு நாம் சொல்லிவைப்பது அது. அதன் பிறகு பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் தானாக நின்றுகொள்ளும். அதே பகுதியில் 'டேட்டா யூசேஜ்' என்று ஒன்று இருக்கும். எந்தச் செயலி எத்தனை எம்பி தின்றது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு போனை இன்னோர் ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், அது பெரும்பாலும் தானாகவே இதைப் புரிந்துகொள்கிறது. லேப்டாப்புக்குத்தான் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாட்டுங்கா வாசகி:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே இருப்பது ஒரு தூரமல்ல, இரண்டு: டவருக்கும் போனுக்கும் இடையே ஒன்று, போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே இன்னொன்று. லேப்டாப் காட்டும் வைஃபை கோடுகள் இரண்டாவதை மட்டுமே அளக்கின்றன. மாளாவில் கோடுகள் முழுதாக இருந்தும் பக்கம் திறக்காததற்குக் காரணம், தகரம் சுற்றிலும் மறைப்பதால் போனுக்கு டவரே எட்டாததுதான். சிக்னல் மங்கும்போது போன் டவரை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டி ஒலிபரப்பும். அது தோசைக்கல்லாவதும் பேட்டரி கரைவதும் அதனால்தான்.

ஆகவே போன் ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 2.4 என்று மாற்றுங்கள். வேகம் குறையும், ஆனால் தூரம் போகும். தகரத்தை எந்த அலைவரிசையும் எளிதில் துளைக்காது என்பதால், ஏணி ஏறும் திறப்பு கண்ணுக்குத் தெரிகிற ஜன்னலாகப் பார்த்து வைப்பது நல்லது. உங்கள் சந்தில் எல்லா வீட்டு ரவுட்டர்களும் 2.4-இல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் என்பதும் உண்மை. அதனால் திணறினால், மனைவி கீழே உட்கார்ந்து வேலை செய்யும் நாளில் யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்துவிடுங்கள். வைஃபை தேவைப்படாது, போனும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

90 அடி சாலைவாசி:
இருவருக்கும் நன்றி. மீட்டர்டு ஆன் செய்த நாளில் மாலை வரை டேட்டா நின்றது. ஆனால் யுஎஸ்பி வழி இரண்டு முறை சோதித்துவிட்டது. சயான் ஸ்டேஷன் நடைபாதையில் வாங்கிய கேபிளைச் செருகியபோது சார்ஜ் ஏறியது, 'யுஎஸ்பி டெதரிங்' என்ற வரி மட்டும் மங்கலாகவே நின்றது. போனோடு பெட்டியில் வந்த பழைய கேபிளைத் தேடி எடுத்துப் போட்டதும் அது உயிர்பெற்றது. சரி என்று உட்கார்ந்தால், அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே 2 ஜிபியும் காலி!

செம்பூர் மெக்கானிக்:
இரண்டுக்கும் காரணம் எளியது. யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்குத் தனிக் கம்பிகள், தரவுக்குத் தனிக் கம்பிகள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இருக்காது. அடுத்தது, என் முந்தைய பதிலில் நான் சொல்லாமல் விட்டது: மீட்டர்டு என்பதை விண்டோஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். யுஎஸ்பி வழியே வரும் இணையம் அதற்கு ஈத்தர்நெட் என்ற வேறோர் இணைப்பு. அங்கேயும் ஒரு முறை ஆன் செய்ய வேண்டும். தேங்கி நின்ற அப்டேட் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறது.

சயான் கோலிவாடா:
ஒரு கேள்வி: ஹாட்ஸ்பாட்டுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதா?

90 அடி சாலைவாசி:
இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாடத்துக்காகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சொல்வானேன் என்று திறந்தே விட்டிருக்கிறேன்.

சயான் கோலிவாடா:
உடனே போடுங்கள். டேட்டா போகட்டும், விஷயம் அதைவிடப் பெரிது. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பின்தொடர்ந்து, மகாராஷ்டிரப் பயங்கரவாதத் தடுப்புப் படையான ஏடிஎஸ் வந்து நின்றது அவர் வீட்டில்தான். யார் அனுப்பினாலும் வெளியே தெரிவது இணைப்பு வைத்திருப்பவரின் முகவரியே. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வைத்து, எட்டெழுத்துக்குக் குறையாத சொல்லைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நீங்களே இணைத்துக் கொடுக்கலாம். தேர்வு முடிந்ததும் சொல்லை மாற்றிவிடலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலும் அங்கேயே தெரியும். அதில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால், பதினொரு மணிக் கதைக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடும்.

90 அடி சாலைவாசி:
பார்த்தேன். ஐந்து கருவிகள் இருந்தன, அவற்றில் மூன்று யாருடையவை என்றே தெரியவில்லை. பாஸ்வேர்டு போட்டாயிற்று, ஈத்தர்நெட்டிலும் மீட்டர்டு ஆன் செய்தாயிற்று. நேற்று இரவு பத்து மணிக்கு 700 எம்பி மீதி இருந்தது. போனின் உறையைக் கழற்றி, காற்றுப்படும்படி ஏணிக்கு எதிரே வெங்காயம் போடும் கம்பிக் கூடையில் தொங்கவிட்டிருக்கிறேன். முன்பு போல் சுடுவதில்லை. ஆனால் எனக்கு அழைப்பு வந்தால் அவ்வளவு நேரமும் மேலே லேப்டாப்பில் இணையம் நின்றுபோகிறது. இதற்கும் வழி உண்டா?

மாட்டுங்கா வாசகி:
உண்டு. போனின் சிம் அமைப்பில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் அழைப்பு வந்ததும் போன் 4ஜியை விட்டுப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும். ஆன் செய்துவிட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே டேட்டாவும் ஓடும். பேசுவதற்காகப் போனைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டால் மட்டும் அதற்கு மருந்தில்லை. காதில் ஒரு புளூடூத் மாட்டிக்கொள்ளுங்கள்.