கொம்பைல் முடிய 47 நிமிடம்: புரொசசரை மாற்றினால் போதுமா?

வாவிக்கரை

கல்லடியில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். சி++ மொழியில் கியூட்டி என்ற ஆயத்தக் கோடுத் தொகுப்பு வைத்து எழுதிய ஸ்டோர்ஸ் மென்பொருள், கிட்டத்தட்ட 1,100 மூலக் கோப்புகள். என்னிடம் இருப்பது 2018 இல் வாங்கிய லெப்டொப்: கோர் ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, உபுண்டு. எழுதிய கோடு ஓடக்கூடிய நிரலாக மாற, அதாவது முழுதாகக் கொம்பைல் ஆக, 47 நிமிடம். பிரான்ச் (அதே கோடின் இன்னொரு கிளை) மாறினால் திரும்ப முதலிலிருந்து. நேற்று கொம்பைலைப் போட்டுவிட்டு உலை வைத்து, சோறு வடித்து, முருங்கைக்காய்க் குழம்பையும் இறக்கிவிட்டு வந்து பார்த்தால் 71 வீதத்தில் நிற்கிறது. "உன்ட மெசினை விட என்ட அடுப்பு வேகம்" என்கிறார் அம்மா.

கையில் 2 லட்சம் ரூபா சேர்ந்திருக்கிறது. ரைசன் 7 5700எக்ஸ் போட்டு டெஸ்க்டொப் ஒன்று கட்டலாமா? 8 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). இப்போது இருப்பது 4 கோர்; கோர் இரண்டு மடங்கானால் நேரம் பாதியாகும் என்பது என் கணக்கு. சரிதானா? தெரிந்த பெடியன் ஒருவர் பழைய ரைசன் 7 1700 ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதுவும் 8 கோர்தானே?

சாய்ந்தமருது நானா

தங்கச்சி, காசை எடுக்கமுதல் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? முழுக் கொம்பைலுக்கா, ஒரு வரியை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்கா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

முழுக் கொம்பைலில் ஒவ்வொரு மூலக் கோப்பும் தனித்தனி வேலை. ஒன்று முடிய மற்றது காத்திருக்கத் தேவையில்லை. அங்கே கோர் கூடக்கூட நேரம் உண்மையாகவே குறையும். ஒரு வரி மாற்றத்தில் கொம்பைல் ஆவது ஒன்றோ இரண்டோ கோப்பு, அப்புறம் லிங்க், அதாவது எல்லாத் துண்டையும் ஒரே நிரலாக இணைப்பது. அங்கே 8 கோர் இருந்தாலும் 7 சும்மா இருக்கும். ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதுதான் பேச்சு.

உங்கள் கணக்கில் இன்னொரு பிழை. 8250யூ 15 வாட் புரொசசர். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4. உச்சம் என்பது கொஞ்ச நேரக் கதை. நாலு கோரும் நீண்ட நேரம் வேலை செய்தால் கீழே இறங்கிவிடும். 65 வாட் டெஸ்க்டொப் புரொசசர் அப்படி இறங்காது. ஆகவே கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட ஏலாது.

நாளைக்கு அளந்து பாருங்கள். கொம்பைலை நடத்தும் மேக் கருவிக்கு ஜே 8 (ஒரே நேரத்தில் 8 வேலை) கொடுத்து ஒரு தரம், ஜே 4 கொடுத்து ஒரு தரம். விடியப்புறம் ஒன்று, மத்தியானம் ஒன்று. லிங்க் மட்டும் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேம் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்க்க மறக்க வேண்டாம்.

வட்டைப்பெடியன்

லிங்க் பற்றி நானா சொன்னதை எங்கள் அக்கரைப்பற்று வழக்கில் சொல்கிறேன். வெள்ளாமை வெட்டுக்குப் பத்துப் பேர் இறங்கலாம். வட்டையிலிருந்து மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவர ஒரே ஒரு டிராக்டர் என்றால், இருபது பேர் வெட்டினாலும் கடைசி மூட்டை வரும் நேரம் அந்த டிராக்டரின் கையில். உபுண்டுவில் வழமையாக இருக்கும் ஜிஎன்யூ லிங்கர் அந்த டிராக்டர். ஒரு கோரில்தான் ஓடும்.

ருயி உயெயாமா எழுதிய மோல்ட் லிங்கரைப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கோரையும் பாவிக்கும். உபுண்டு 22.04 இலிருந்து அப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியாகவே கிடைக்கிறது. காசு வேண்டாம்.

பழைய 1700 வேண்டாம் என்பேன். 2017 இல் வந்த முதல் ரைசன்களில் சில, லினக்ஸில் பாரமான கொம்பைல் ஓடும்போது இடையில் செக்மென்டேஷன் பிழை (ஒருவகை மெமரிப் பிழை) காட்டி விழுந்தன. ஏஎம்டியே அதை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. உங்கள் கைக்கு வருவது அந்தத் தொகுதியா, மாற்றிக் கொடுத்ததா என்று யாருக்குத் தெரியும்? நல்ல சிப்பாகவே இருந்தாலும், கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் இப்போதுள்ளவற்றை விட மெது.

வாவிக்கரை

இரண்டு நாளாக இதே வேலை. கச்சான் காற்று வேறு தொடங்கிவிட்டது. எங்களுடையது சீற் போட்ட வீடு, மத்தியானம் அறைக்குள் இருக்க ஏலாது. எனக்கே இப்படி என்றால் லெப்டொப்புக்கு எப்படி இருக்கும்?

பின்னேரம் 2 மணி, ஜே 8: 47 நிமிடம்.
அதே நேரம், ஜே 4: 39 நிமிடம்.
விடியப்புறம் 5 மணி, ஜே 4: 31 நிமிடம்.

ஜே 8 மெதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. டெம்பிளேட் நிறைந்த சில கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் ரேம் கேட்கின்றன. எட்டு ஒன்றாக ஓடினால் 8 ஜிபி போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்கை ரேம் போலப் பாவிக்கும் மெதுவான வழிக்குப் போகிறது, அவ்வளவுதான். இவ்வளவு காலமும் ரேம் பற்றாக்குறையை நான் புரொசசரின் தலையில் கட்டியிருக்கிறேன். வெக்கையும் பொய் இல்லை: பின்னேரம் வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸில் கிடக்கிறது, விடியப்புறம் 2.4 இல் நிற்கிறது.

ஒரு வரி மாற்றம்: 1 நிமிடம் 50 செக்கன். அதில் லிங்க் மட்டும் 80 செக்கன்! மோல்ட் போட்ட பிறகு லிங்க் 5 செக்கன். வட்டைப்பெடியனுக்கு ஒரு வெல்லப்பிட்டு கடன்.

சாய்ந்தமருது நானா

மாஷா அல்லாஹ். பாதிப் பிரச்சினை காசில்லாமலே தீர்ந்தது.

இனிப் புரொசசர். 5700எக்ஸ் நல்ல சாமான்தான், ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்ட் வாங்காவிட்டால் திரையில் ஒன்றும் வராது. 5600 உம் அப்படித்தான். 5600ஜி இல் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 32 எம்பியிலிருந்து 16 ஆகக் குறைந்துவிடும். கொம்பைலர் மெமரிக்குள் அங்கும் இங்கும் தாவித் திரிகிற பிராணி, கேஷ் குறைந்தால் அதற்குப் பிடிக்காது.

உங்கள் காசுக்கு நான் என்றால் கோர் ஐ5-12400 பக்கம் போவேன். 6 கோர், 12 த்ரெட், 18 எம்பி கேஷ், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் எடுக்க வேண்டாம், அதில் கிராபிக்ஸ் இல்லை. இரண்டு கோர் குறைகிறதே என்று யோசிக்காதீர்கள். கார்டுக்குப் போகும் காசில் 32 ஜிபி ரேம் போடுங்கள். 12 வேலை ஒன்றாக ஓடும்போது 16 ஜிபி இழுபறிப்படும்.

வாவிக்கரை

ஏறாவூரில் கூடப் படித்த ஒருத்தியிடம் 12400 இருக்கிறது, 16 ஜிபியோடு. பென்டிரைவில் புரொஜெக்டைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஜே 12 கொடுத்தபோது ரேம் விளிம்பில் நின்றது. ஜே 10 இல் முழுக் கொம்பைல் 11 நிமிடம், அதுவும் மத்தியானம் ஒரு மணிக்கு. தேத்தண்ணி ஆறமுதல் முடிந்துவிட்டது. ஒரு வரி மாற்றம் 13 செக்கன்.

12400, 32 ஜிபி என்று முடிவு செய்துவிட்டேன். மிஞ்சும் காசில் யூபிஎஸ். லெப்டொப்பில் பற்றரி இருந்ததால் இதுவரை கரண்ட் பற்றி யோசித்ததில்லை. 650 விஏ போதுமா? இடையில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்தா?

வட்டைப்பெடியன்

கார்ட் இல்லாத மெசினுக்கு 650 விஏ தாராளம். கொம்பைலை நிறுத்தி ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும்.

யூபிஎஸ் கைவிட்டாலும் முதலிலிருந்து இல்லை. முடிந்த ஒப்ஜெக்ட் கோப்புகள் (கொம்பைல் ஆன துண்டுகள்) டிஸ்க்கில் இருக்கும், மேக் மிச்சத்தை மட்டும் செய்யும். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிலவேளை 0 பைட்டாகக் கிடக்கும். நேரமுத்திரை புதிது என்பதால் மேக் அதை முடிந்தது என்று நம்பிவிடும், லிங்க்கில் போய்த்தான் பிழை காட்டும். 0 பைட் ஒப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். எனக்கு இது தெரியாமல் ஒரு இரவு முழுக்க என் கோடில் பிழை தேடினேன்.