அக்கூஸ்டிக் ட்ராமா: ஒலியூறா, செவிடுபாடா?

மா.:
காது மூக்கு தொண்டைப் பிரிவில் தீபாவளிக்கு வைக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அக்கூஸ்டிக் ட்ராமா'வுக்கு, அதாவது வெடி, ஸ்பீக்கர் போன்ற பெருஞ்சத்தத்தால் காதுக்குள் ஏற்படும் காயத்துக்கு, தமிழ்ச் சொல் வேண்டும். 'ஒலி அதிர்ச்சி' என்றால் பயந்துபோனவர் கதையாக இருக்கிறது.

புலவர்:
ஒலியூறு. ஊறு என்றால் காயம். 'ஊறஞ்சா வெல்படை' (குறள் 761). இகர ஈறு, யகர உடம்படுமெய். நாலே எழுத்து.

க.:
27ஆம் குறளில் 'சுவைஒளி ஊறுஓசை'. அங்கே ஊறு தொடுவுணர்வு. ஒலியூறு உம்மைத்தொகையாக, 'ஒலியும் தொடுவுணர்வும்' என்றும் விரியுமே?

புலவர்:
இடம் நோக்கிப் பொருள் கொள்க.

க.:
காது இரையும்போதா?

டாக்டர்:
எந்தச் சொல்லானாலும் 'தானே தெளிந்துவிடும்' என்று தொனிக்கக் கூடாது. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் களைத்துப்போனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் மீளும். செத்தால் திரும்ப முளைக்காது. ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். எது நடந்தது என்று முதல் நாள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொறுத்துப் பார்த்து ஒரு மாதம் கழித்து வந்தால் செய்வதற்கு அதிகமில்லை. ஸ்டீராய்டு கொடுப்பதானால் சீக்கிரம் தொடங்க வேண்டும், இரண்டு வாரம் தாண்டக் கூடாது. வழக்கமான அளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளைக்கு 60க்கு மிகாமல். காரணம் தெரியாத திடீர்க் கேளாமைக்கு உள்ள ஆதாரம்கூட வெடிச்சத்தத்துக்கு இல்லை, சர்க்கரை ஏறும், ஆகவே மருத்துவர் பார்த்துத்தான். செவிப்பறை கிழிந்திருக்கலாம், எண்ணெய் ஊற்றவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

க.:
'வெடிக்காயம்' எளிது.

டாக்டர்:
கை வெந்தவர்தான் வருவார். ஸ்பீக்கர் முன்னால் நின்றவர் வரமாட்டார்.

புலவர்:
'காது செவிடுபட' என்கிறோமே! படு, பாடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர். செவிடுபாடு!

டாக்டர்:
மீளக்கூடியவரிடம் செவிடு என்பதா? வேண்டாம்.

க.:
பட்டாசுச் சத்தத்துக்கு விதியில் உள்ள 125 டெசிபல் வரம்பு, 4 மீட்டர் தள்ளி அளப்பது. தொலைவு பாதியானால் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரில் 137. இதையும் சேர்க்கலாம். டெசிபலுக்கும் ஒரு சொல்...

மா.:
அது அடுத்த வருடம். தலைப்பு 'சத்தத்தால் காது பாதிப்பு: அன்றே காட்டுங்கள்'. உள்ளே ஒரே ஓர் இடத்தில் 'ஒலியூறு'. மூன்று பேர் சரி என்றாயிற்று, அனுப்பிவிட்டேன்.

புலவர்:
சத்தம் வடசொல். பாதிப்பும் வடசொல். காது மட்டும் தமிழ். என் மறுப்பைப் பதிந்துகொள்க.