விபத்துக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட பையன்: சுற்றி இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என் அக்கா கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகனுக்கு 14 வயது. முழங்கையில் எலும்பு முறிவு, கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தையில் பதில். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டான், இரண்டு மணி வரை உட்கார்ந்தே இருக்கிறான். தெருவில் யாராவது பலமாக பிரேக் போட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்கிறான். அக்காவிடம் மட்டும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்.

சின்னவளுக்கு 6 வயது. அவளிடம் அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு பொம்மை வண்டிகளை மோதவிடுகிறாள், பிறகு ஒரு பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுக் கைக்குட்டையால் மூடுகிறாள். மறுபடி எடுத்து மறுபடி மோதல். ஒரே நாளில் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். நின்றுபோன படுக்கை நனைப்பும் திரும்ப வந்துவிட்டது.

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். இளைஞர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டு, பையனை நடுவில் உட்கார வைத்து, நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார். எதைச் செய்வது, எதை விடுவது? டாக்டரிடம் போகும் அளவுக்கு இது பெரிசா?

கரையோரம்:
தோழி, நான் பள்ளியில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முதலில் அந்தக் கூட்டத்தை நிறுத்துங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். சம்பவம் நடந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து விவரமாகப் பேச வைக்கும் முறை 1980களில் தீயணைப்புப் படையினர், அவசர ஊர்திப் பணியாளர்கள் மத்தியில் பரவியது. பிறகு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் அப்படிக் கொட்ட வைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்கச் சொல்வதில்லை. அவர்களுக்கு என்ன தேவை என்று பார், அவர்களாகப் பேசினால் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. இவ்வளவுதான் அதன் சாரம்.

டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். போக வேண்டும். முதல் ஒரு மாதம் தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, எரிந்து விழுவது எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வரும், மெல்ல அடங்கியும் விடும். மாதம் தாண்டியும் அதே வேகத்தில் இருந்தால் மனநல நிபுணர் பார்த்தாக வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கென்றே மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஒன்று இருக்கிறது, 3 முதல் 18 வயது வரை செய்யலாம், பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் எடுத்தவுடன் விபத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். மூச்சை நிதானமாக்குவது, உடம்பின் பதற்றத்தைத் தணிப்பது, மனசில் வருவதற்குப் பெயர் வைப்பது, இதெல்லாம் கைவந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாளுக்குள் போவார்கள். அம்மாவும் கூடவே கற்றுக்கொள்வார். பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பேசுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வேகத்தைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

தூக்க மாத்திரை வீட்டாராகக் கொடுக்கவே கூடாது. சின்னவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "வெளியூர்" என்றால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வரவில்லையென்றால் தன் மேல் கோபம் போலிருக்கிறது என்றும் நினைப்பாள். "அப்பா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், உன்னால் நடந்தது இல்லை." இவ்வளவு போதும், அழுதால் கூடவே இருங்கள். அந்த விளையாட்டைத் தடுக்க வேண்டாம், அந்த வயதுக்கு அதுதான் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப உதவிக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஓர் ஆம்புலன்ஸோ ஒரு பாட்டியோ அந்தக் கதைக்குள் வந்தால் நல்லது. எப்போதும் அதே இடத்தில் முடிந்து, அவள் இன்னும் இறுகிப்போனால் நிபுணரிடம் அதையும் சொல்லுங்கள்.

தெருவிளக்கு:
எனக்கு 15 வயதில் எங்கள் வீட்டில் தீ விபத்து, தம்பியை இழந்தேன். அதனால் அந்தப் பையன் பக்கமிருந்து எழுதுகிறேன். என்னைச் சுற்றி எல்லோரும் "பேசுடா, பேசுடா" என்றார்கள், எனக்குத் தொண்டைக்குள் கல் வைத்த மாதிரி இருக்கும். அடுத்த வீட்டு மாமா ஒருவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார், என் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து, "அந்தப் பானாவை எடு" என்பார். செயினுக்கு எண்ணெய் விடுவோம், பிரேக் கட்டையை மாற்றுவோம், அவர் போய்விடுவார். வராத நாளென்றால் முதல் நாளே சொல்லிவிடுவார், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் புரிகிறது. எத்தனையோ வாரம் கழித்து ஒரு நாள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டது நான்தான் என்று சொன்னேன். அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் கையை நிறுத்தவில்லை, "அதையா இத்தனை நாள் தூக்கிக்கிட்டு அலைஞ்ச" என்றார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அழுதேன். சிகிச்சைக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா, உங்கள் பையனுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கலாம். "நான்தான் அன்னிக்குச் சீக்கிரம் போகணும்னு சொன்னேன்" என்கிற மாதிரி. அம்மாவிடம் எரிந்து விழுவதுகூட, அம்மா தன்னை விட்டுப் போகமாட்டார் என்ற தைரியத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த "வீட்டுக்கு ஆம்பளை" பேச்சை யாராவது பெரியவர் அவனிடம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அந்த வார்த்தையைச் சுமந்தவன்.

வேப்பநிழல்:
குடியிருப்பு இளைஞர்களை ஒதுக்கிவிட வேண்டாம், அந்த ஆர்வத்தை வேறு பக்கம் திருப்புங்கள். சிகிச்சை வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், மிச்ச நேரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் அக்கம்பக்கத்தோடுதான் இருக்கிறார்கள். காலையில் பள்ளிக்கு அவனோடு நடந்து போக ஒருவர், கால்பந்துக்கு வழக்கம்போல் கூப்பிட ஒருவர் (வரவில்லையென்றாலும் மறுநாளும் கூப்பிட வேண்டும்), காப்பீடு, வங்கி என்று அக்கா அலைவதில் பாதியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர். அக்கா இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க யாராவது சின்னவளைப் பார்த்துக்கொண்டாலே அது சிகிச்சைக்குச் சமம். தாய் கொஞ்சம் நிமிர்ந்தால் பிள்ளைகளும் நிமிர்வார்கள், நான் பார்த்த எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சாதாரண மனிதர்களால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மன அழுத்தத்தை அங்கே "குஃபுங்கிசிசா" என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள், நம் வீட்டிலும் "யோசனை பிடிச்சிருக்கு" என்கிறோமே. வருகிறவர் மனசில் உள்ளதைச் சொல்வார், பாட்டி அதில் ஒரே ஒரு பிரச்சினையைப் பிடித்து அதற்கு மட்டும் வழி தேட உதவுவார். 2016இல் வந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் அந்தப் பாட்டிமார்கள் பயிற்சி பெற்றவர்கள், கைமீறிப் போனால் மேலே அனுப்ப ஆள் இருந்தது. உங்கள் இளைஞர்களும் அந்த எல்லையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அவன் எப்போதாவது "நானும் போயிருக்கலாம்" என்கிற மாதிரி பேசினால், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நிலாமுற்றம்:
எல்லோருடையதையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், பசங்க தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னவளிடம் நேற்று சாயங்காலம் அக்காவே சொன்னாள். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அப்பா செருப்பு வெளியிலேயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றோம்.

தெருவிளக்கு தம்பி, நீங்கள் எழுதியதை அவனிடம் காட்டலாமா என்று யோசித்து, கடைசியில் போனை மேஜையில் திறந்தபடி வைத்துவிட்டு வந்தேன். படித்தானா என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டான், ஆனால் வண்டியில் வேண்டாமாம், நடந்து போகலாமாம். நான்கு கிலோமீட்டர். வெயிலுக்கு முன்னால் ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

தெருவிளக்கு:
சரி அக்கா. போகும்போது அவனைச் சாலையோரம் விடாதீர்கள், உள்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவனாகப் பேசினால் பேசுங்கள்.