வெளிநாடு வந்த புதிதில் வரும் மன அழுத்தம்: என் அனுபவத்தில் கொஞ்சம்

வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாயிற்று, அப்புறமும் ஏன் எந்நேரமும் நெஞ்சு படபடக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். எனக்கும் முதல் ஆண்டு முழுக்க அப்படித்தான். பெரிய பிரச்சினை எதுவும் இல்லையே, நமக்குத்தான் தெம்பு போதவில்லை போல என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, வீடு மாறுவதற்கு வெறும் 20. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதே பட்டியலில் பண நிலைமை மாறினால் 38, வேலைச் சூழல் மாறினால் 20, பழகும் வட்டத்துக்கு 18, தூக்கத்துக்கு 16, சாப்பாட்டுப் பழக்கத்துக்கு 15. நாடு மாறுகிறவருக்கு இது அத்தனையும் ஒரே மாதத்தில் வந்து விழுகிறது, வீடு மாறும் 20-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 127. ஜாதகம் மாதிரி இதை நம்ப வேண்டாம், ஆனாலும் சில்லறை சேர்ந்தால் மூட்டை கனக்கும் என்பது எனக்கு இதைப் பார்த்துத்தான் உறைத்தது.

என் சில்லறை, கடிதங்கள். வங்கி, வரி, வீட்டுக்காரர் என்று தபாலில் வந்துகொண்டே இருக்கும். அந்த அலுவலக மொழி புரியாது என்ற பயத்தில் பிரிக்காமலே செருப்பு அலமாரி மேல் அடுக்கிவிடுவேன், அப்புறம் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன், மொத்தம் 11. ஒன்பதுக்கு நான் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, ஒன்றில் மீட்டர் பார்க்க வருவதாகத் தகவல். ஒன்றே ஒன்றில்தான் கெடு, அதுவும் நாலு நாள் தாண்டியிருந்தது. போன் செய்தேன், இரண்டு நிமிடத்தில் வேறு தேதி கொடுத்துவிட்டார்கள். இதற்காகவா மூன்று மாதம்! இப்போது வந்த அன்றே பிரித்து, கெடுத் தேதியை உறைமேல் பெரிதாக எழுதிவிடுகிறேன். வேலையை அன்றே முடிக்க வேண்டுமென்று இல்லை, பிரித்தால் போதும்.

அடுத்தது தூக்கம். நேர வித்தியாசத்தால் வீட்டு வாட்ஸ்அப் குழு நமக்கு நடுராத்திரியில்தான் களைகட்டும். பேசுவதைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரம் குறித்துக்கொண்டு பேசுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். காபியும் அப்படித்தான், குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் காஃபீனில் கிட்டத்தட்ட பாதி உடம்பில் இருக்கும். மாலைக் காபியை நிறுத்திப் பாருங்கள்.

படபடப்பு ஏறும்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற அளவில், வெளிவிடும் மூச்சை நீட்டி மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு இறங்கும். முதலில் சிரித்தேன், இப்போது பஸ்ஸில்கூடச் செய்கிறேன்.

அம்மா அப்பாவிடம் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரே ஒரு ஆளாவது வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், அவசர உதவி எண்ணையே கூப்பிடுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் வேறு நாள் வரச் சொல்லிவிடக்கூடும்.