தோழர் நா. சண்முகதாசனை எவ்வாறு மதிப்பிடுவது?

உவர்மலை வாசகி:
வணக்கம். பாலையூற்றிலுள்ள அம்மப்பாவின் றங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, வேட்டிகளுக்கு அடியில், மடிப்புகள் அரித்துப்போன, கம்யூனிஸ்ட் தலைவர் நா. சண்முகதாசனின் கட்சிப் பத்திரிகையான ‘தொழிலாளி’யின் இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தன. அம்மப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சண்முகதாசனை ‘தோழர் சண்’ என்று எப்போதும் மரியாதையுடனே சொல்வார். வீட்டில் மற்றவர்களோ, சண்முகதாசன் தமிழரின் உரிமையைப் பின்தள்ளிவிட்டு வர்க்கத்தைப் பற்றியே பேசினார் என்று குறைகூறுகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பெரியகடை ஆசிரியர்:
மகள், அவர் 1920இல் மானிப்பாயில் பிறந்தவர். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்வியை முடித்ததும், உத்தியோகம் தேடாமல், 1943இல் உருவான கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானார். இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் வழியாகவே அவர் பெயர் உங்கள் அம்மப்பா போன்ற தொழிலாளரை எட்டியிருக்கும். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஸ்தம்பித்த ஹர்த்தாலில் இடதுசாரிகளின் பலம் வெளிப்பட்டது. சோவியத்–சீனப் பிளவின்போது அவர் சீனப் பக்கம் நின்றார், கட்சியும் இரண்டாகியது.

தம்பலகாமம் அன்பர்:
அவரது வாழ்வில் நான் முதன்மையாகக் கருதுவது சாதி ஒழிப்புப் போராட்டத்தையே. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்திருந்தும், வடக்கில் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க் கடை வாங்கில் அமரவோ, பல கோயில்களின் வாசலைத் தாண்டவோ முடியாதிருந்தது. தமிழ்த் தலைவர்களில் பலர், இன ஒற்றுமை குலையும் என்று இதைத் தள்ளிப்போட்ட காலத்தில், அவருடைய கட்சித் தோழர்கள் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டுப் பொலிசாரின் அடியை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலை எட்டியது. கோயிலுக்குள் நுழைய முடியாத தமிழனின் உரிமையும் தமிழரின் உரிமைதானே? இதைப் பேசியவரைத் தமிழரை மறந்தவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சீனன்குடா வாசகர்:
அன்பரின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் வீட்டாரின் குறையில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய இனப் பிரச்சினையின் கனதியை அவர் தாமதமாகவே உணர்ந்தார் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் தமிழரின் சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகவே ஆதரித்தார். தம் கட்சியிலிருந்து முன்னரே வெளியேற்றப்பட்டு மக்கள் விடுதலை முன்னணியைத் தொடங்கிய ரோகண விஜேவீரவின் 1971 ஆயுதக் கிளர்ச்சியை அவர் ஏற்காதபோதும் அரசாங்கம் அவரையும் சிறையிலிட்டது. அங்கிருந்தபடியே இலங்கை வரலாற்றை மார்க்சியப் பார்வையில் எழுதினார். 1993இல் பர்மிங்ஹாமில் காலமானார். இறுதிவரை தம் கொள்கையைக் கைவிடவில்லை.

உவர்மலை வாசகி:
அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை வாசித்தபின் கட்டை மறுபடி பிரித்தேன். சுன்னாக ஊர்வலச் செய்தியின் ஓரத்தில் மட்டும் அம்மப்பா நீலப் பென்சிலால் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறார். அவர் பிறந்த ஊரும் சுன்னாகத்துக்கு அண்மையில்தான். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எங்களை ஒருமுறையாவது கூட்டிப்போகும்படி சிறுவயதில் நாங்கள் எவ்வளவு கெஞ்சியும், அவர் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.