கலைச்சொல்: கொல்லைப்புறத்தில் கல் அடுக்கி மூட்டும் கணப்புக்குப் பெயர்

வணக்கம்.

"தீக்குழி" என்றே முடித்துவிடலாம் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கா, கனடா வீடுகளின் கொல்லைப்புறத்தில் கல் அடுக்கி, நடுவில் விறகு மூட்டி, சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வார்களே, ஆங்கிலத்தில் fire pit எனப்படும் அந்த அமைப்புக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். தீக்குழி என்றதும் நமக்கு மஞ்சள் உடையும் வேப்பிலையும்தான் கண்முன் வரும். பூக்குழியும் அப்படியே. பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர்களிடம் போய்க் "குண்டம்" என்ற சொல்லை இதற்குக் கேட்க முடியாது. நேர்த்திக்கடனுக்குரிய சொற்கள் அங்கேயே இருக்கட்டும். "அடுப்பு" என்றாலோ சமையல் வந்துவிடும்.

குளிர்காய மூட்டும் நெருப்புக்கு நம்மிடம் ஏற்கெனவே கணப்பு என்ற சொல் இருக்கிறது. காய்ச்சல்காரர் உடம்பைத் தொட்டுப் பார்த்து "கணகணன்னு இருக்கு" என்கிறோமே, அந்தச் சூடுதான் இதிலும். ரஷ்ய நாவல்களின் தமிழாக்கங்களை வாசித்தவர்களுக்கும் இது பழகிய சொல். நெடுநல்வாடையில் "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர" என்று வருகிறது. வாய் அகன்ற கலத்தில் நெருப்பிட்டுக் குளிர் போக்கியிருக்கிறார்கள். "தடவு" எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்று அதைக் கேட்டால் தைலம் தடவுவதுதான் நினைவுக்கு வரும் என்பதால், மனமில்லாமல் விட்டுவிடுகிறேன்.

அடுத்து, குழியா இல்லையா என்ற கேள்வி. இதைக் கட்டும் முறையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மண்ணைக் கொஞ்சம் தோண்டிச் சரளை கொட்டி இறுக்குவது முக்கியமாக மழைநீர் தேங்காமல் வடிவதற்காகத்தான். நெருப்பு எரிவது அந்தச் சரளைக்கு மேலே, பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ. உயரமுள்ள கல்சுவருக்குள். உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அடிவரிசையில் கற்களுக்கிடையே இடைவெளி விடுகிறார்கள், அதன் வழியே காற்று உள்ளே போகும். "குழி" என்று பெயர் வைத்தால் வாசிப்பவர் ஆழமாகத் தோண்டுவார். காற்றுப் புகாத குழியில் விறகு எரியாமல் புகையும், உட்கார்ந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துபோவார்கள். பெயரே தவறான செய்முறையைச் சொல்லக்கூடாது.

அதனால் என் பரிந்துரை கணப்புத்தொட்டி. பூந்தொட்டி, குப்பைத்தொட்டி போலச் சுவரெழுப்பி உள்ளே ஒன்றைத் தாங்கும் எதற்கும் தொட்டி பொருந்தும். வட்டமோ சதுரமோ, கல்லோ இரும்போ, எல்லாம் அடங்கும். "விறகு" என்பதைப் பெயரில் சேர்க்க வேண்டாம். டொரன்டோ நகரில் கொல்லையில் விறகு எரிக்க அனுமதியில்லை, அங்கே எரிவாயுவில்தான் மூட்டுகிறார்கள். உண்மையிலேயே தரைக்குக் கீழே அமைத்தால் மட்டும் கணப்புக்குழி எனலாம்.

துணைச்சொற்களையும் இப்போதே முடித்துவிடுவோம். உட்பக்கம் பதிப்பது கடும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் (firebrick), அதை இணைத்துப் பூசுவது தீக்களிமண் (fireclay) சாந்து. சாதாரண சிமெண்ட் சாந்து அந்தச் சூட்டில் வெடித்து உதிரும் என்பதால் இந்த இரண்டு சாந்துகளையும் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும். சுவரின் இடைவெளிக்குக் காற்றுவாய் என்று வைக்கலாம்.

கல் பற்றி மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். "ஆற்றுக்கல்" என்று அழகுக்காக எழுதிவிட வேண்டாம். நீரில் கிடந்த கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் தங்கியிருக்கும். கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாமல் கல்லே வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் முகத்துக்கு நேரே இருக்கும் இடம் அது. "நீரில் ஊறாத, உலர்ந்த கெட்டிக்கல்" என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, மரக்கிளைக்குக் கீழே வராமல் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

மேலே கவிழ்க்கும் கம்பிவலை மூடிக்கு "பொறிவலை" என்று எழுதி வைத்திருக்கிறேன். எலிப்பொறியோடு குழம்பும் என்று தோன்றுகிறது. "தீப்பொறிவலை" சரியாக இருக்குமா?