ஆண்டெனாவே ஃபில்டர்: சிமுலேஷனில் இருந்த பள்ளம் போர்டில் வேலை செய்யவில்லை

செம்புத்தகடு:
3.5 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆண்டெனா (போர்டிலேயே தட்டையாக இருக்கும் செம்புத் துண்டு) ஒன்று. அதே போர்டில் 4 செ.மீ. தள்ளி 5.2 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஆண்டெனா. வைஃபை பேச ஆரம்பித்தால் என் ரிசீவருக்குக் காது அடைத்துவிடுகிறது. தனி ஃபில்டர் வைத்தால் தொல்லை போகிறது, ஆனால் அது என் சிக்னலிலும் 1.8 டெசிபலைத் தின்றுவிடுகிறது. அதனால் பேட்சிலேயே யு வடிவ ஸ்லாட் (மெல்லிய பிளவு) வெட்டினேன். சிமுலேஷனில் 5.2-இல் கெயின் (ஒரு திசையில் ஆண்டெனா எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்ற அளவு) மைனஸ் 25 டிபிஐ வரை பள்ளமாக இறங்கியது. வந்த போர்டில் பள்ளம் 5.05-இல் நிற்கிறது. ஸ்லாட்டைச் சின்னதாக்கினால் போதுமா?

டெசிபல்தாசன்:
எஃப்ஆர்-4 (சாதாரண கண்ணாடியிழை) போர்டா? 3.5-உம் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் 3 சதவீதம் நகர்ந்திருந்தால் போர்டுப் பொருளின் மின்கடவா எண்தான் காரணம், அது கூடினால் அதிர்வெண் இறங்கும். 4.4 என்று போட்டிருப்பீர்கள், வந்த ஷீட் 4.7 பக்கம் இருக்கும். ஸ்லாட் மட்டுமல்ல, பேட்சையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

செம்புத்தகடு:
ஆமாம், 3.4-க்கு வந்திருக்கிறது. ஸ்லாட் 18 மி.மீ., அரை மில்லி குறைத்தால் சரியாகிவிடும்.

பழைய சால்டர்:
கொஞ்சம் பொறுங்கள். அந்த மைனஸ் 25 எந்தத் திசையில்? நேர் மேலே என்றால் உங்களுக்கு அதனால் பிரயோஜனமில்லை. ஸ்லாட்டில் ஓடும் மின்னோட்டமும் பேட்சில் ஓடுவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் பள்ளம் அது. மேலே கணக்கு நேராகும், பக்கவாட்டில் ஆகாது. உங்கள் எதிரி பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறான்! அதோடு 5.2-இல் அலைநீளமே 58 மி.மீ.; 4 செ.மீ. தூரத்தில் தொலைதூர கெயின் படத்தை நம்ப முடியாது. இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவில் எஸ்21 (ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு சிக்னல் போகிறது என்பது) அளந்து பாருங்கள். நானும் இப்படித்தான் கெயின் படத்தை அழகு பார்த்தே இரண்டு வாரம் ஓட்டினேன்.

ஃபீட் லைனில் (ஆண்டெனாவுக்குப் போகும் செம்புக் கோட்டில்) 8 மி.மீ. அளவில் ஒரு திறந்த ஸ்டப் (முனை எதிலும் சேராத கிளைக் கோடு) போடுங்கள். 5.2-இல் அது கால் அலை, அங்கே ஷார்ட் ஆகிவிடும், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் சரி. ஆனால் 3.5-இல் கெப்பாசிட்டர் மாதிரி நடக்கும், மேட்சிங்கை (சிக்னல் திரும்பி அடிக்காமல் இருக்கச் செய்யும் பொருத்தத்தை) மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஸ்டப்பை மெல்லிய கோடாகப் போட்டால் தலைவலி குறையும்.

செம்புத்தகடு:
அளந்தேன். 5.05-இல் பள்ளம் இருந்தும் எஸ்21 அங்கே மைனஸ் 17 டெசிபல்தான். அப்புறம், ஸ்டப்புக்கு முன்னால் வைஃபை ஆண்டெனாவை 90 டிகிரி திருப்பி ஒட்டிப் பார்த்தேன், மைனஸ் 26. ஸ்டப் போட்ட போர்டு அடுத்த சுற்றில் வரும், அளந்துவிட்டு எழுதுகிறேன்.